டெஸ்ட் பிரிண்ட் அக்கா

போன வாரம் பெய்த மழையில் சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஸ்கூட்டரைப் பார்த்தேன். சீட்டு நனையாமலிருக்க யாரோ ஒரு துண்டு ஃப்ளெக்ஸைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்த ஃப்ளெக்ஸில் அவர் முகம் இருந்தது. நெற்றியில் மழைத்தண்ணீர் குளம் கட்டி, காதோரமாக வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. குடையைச் சாய்த்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. நல்ல பிரிண்ட். அவர் உடம்பு நன்றாக இருந்த காலத்து மெஷின். நிம்மதியாகப் போய் ரயில் ஏறினேன்.

இதை வெளியே சொன்னால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் அவர் முகம் எங்கிருந்து வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும். பம்மலில் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். பல்லாவரம் சந்தையில் தக்காளிக் குவியலுக்கு அடியில் விரிப்பாக இருக்கிறார். தக்காளி விற்க விற்க ஒரு கண், பிறகு மூக்கு என்று வெளியே வருவார். பேனர் கடைகளில் காலையில் மெஷினைப் போட்டதும் ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுப்பார்கள். மை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கோடுகள், கொஞ்சம் நிறக் கட்டங்கள், நடுவில் ஒரு பெண்ணின் முகம். பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஃப்ளெக்ஸ் ஆயிற்றே, மக்குமா? யாராவது எடுத்து எதையாவது மூடுவார்கள்.

அந்த முகம் எங்கள் மேடத்தினுடையது. அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பம்மலில், தோல் பதனிடும் தொழில் ஓகோவென்று இருந்த காலத்துக் கிடங்கு ஒன்றில்தான் எங்கள் கம்பெனி. மழை நாளில் சுவரிலிருந்து இன்னும் அந்த வாசனை வரும். பேனர் அடிக்கும் பிரிண்டர்களை நாங்களே வடிவமைத்து நாங்களே செய்கிறோம். மையைத் துப்பும் ஹெட் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரும். சட்டம், தண்டவாளம், மோட்டார், சர்க்யூட் போர்டு, மைக்குழாய், மென்பொருள் எல்லாம் எங்கள் வேலை. படித்து முடித்த சூட்டோடு நான் மென்பொருள் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு மெஷின் ஓடுவதைப் பார்த்து நின்றவள், சாப்பிடப் போக மறந்துவிட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சொட்டுகள் குறி தவறாமல் விழுகின்றன, விழுந்து ஒரு வாழைத்தார் ஆகின்றன! வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கொஞ்சம் இப்படித் திரும்புங்க.”

திரும்பினேன். சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு பெண்மணி. என் அம்மாவைவிட இளையவர், என் அக்காவைவிட மூத்தவர். நிறக் கட்டங்கள் ஒட்டிய ஓர் அட்டையை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கடையில் பிளவுஸ் துணி ஜோடி சேர்ப்பது மாதிரி மேலும் கீழும் நகர்த்தினார்.

“பவுடர் போட்டிருக்கீங்க. லேபுக்குள்ள வர்றப்ப வேண்டாம்.”

அவ்வளவுதான் அறிமுகம். என் பெயரை அவர் கேட்டதே மதியத்துக்கு மேல்தான்.

அவர் நிறம் படித்தவர். அச்சு இயந்திரப் பொறியியலில் பட்டம் வாங்கி, பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, வயதான அம்மாவுக்காகச் சேலையூருக்கே திரும்பி வந்தவர். எங்கள் மெஷின் எந்த நிறத்துக்கு எந்த மையை எவ்வளவு சொட்ட வேண்டும் என்று ஒரு கோப்பு சொல்லும். கலர் ப்ரொஃபைல் என்போம். அதை உருவாக்குவது அவர் வேலை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தப் படிப்பு நினைவுக்கு வருவதில்லை. அவர் பார்க்கும் விதம்தான் வருகிறது. பிரிண்டைப் பார்ப்பார். ஆளைப் பார்ப்பார். மறுபடி பிரிண்டைப் பார்ப்பார். ஆளைப் பார்க்கும்போது கண்ணைப் பார்க்க மாட்டார். கன்னம், தாடை, மூக்கின் ஓரம். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் முகம் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி ஆகிவிடும். கேண்டீனில் அவருக்கு எதிர் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். நான் வாயாடி என்பதால் உட்காருவேன்.

பிரிண்ட் பிடிக்கவில்லை என்றால் ஒரே வார்த்தை. “கலர் வந்துடுச்சு. ஆள் வரல.”

நிறம் அளக்கும் மீட்டர் வைத்துக் கட்டம் கட்டமாக அளந்து, எல்லாம் சரி என்று நான் காட்டினாலும் அதையேதான் சொல்வார். மீட்டர் கட்டத்தைத்தான் அளக்கும், முகத்தை அளக்காது என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மீட்டர் சொன்னபடி ப்ரொஃபைலைச் செய்து முடித்த பிறகு, கடைசியாக ஒரு சின்னத் திருத்தம் அவர் கண்ணால் நடக்கும். அதற்கு மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவர் கை வைத்த முகங்கள் அப்படி வரும். கறுப்பாக இருப்பவர்களைச் சாம்பலாக அடிக்காத பேனர் மெஷின் எங்களுடையதுதான் என்று கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரம் ஆனது.

ஒரு நாள் பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். எதிரில் பூக்கூடையோடு ஒரு அம்மா. மேடம் தம்மை மறந்து அந்த அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னாம்மா, மூஞ்சில இன்னா எழுதிக்கீது? எறங்குற வரைக்கும் படிச்சுக்கினு வர்றே?” என்றாள்.

“கோவிச்சுக்காதீங்க. உங்க தாடைக்குக் கீழ ஒரு பிரவுன் இருக்கு. எங்க மெஷினுக்கு அது வரவே மாட்டேங்குது.”

“மெஷினுக்கு வரலன்னா நான் இன்னா பண்றது? கழட்டியா குடுப்பேன்?”

ஆட்டோவே சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் இறங்கும் வரைக்கும் பார்வையை எடுக்கவில்லை.

டெஸ்ட் பிரிண்டில் அவர் முகம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ஹெட்டோடு வரும் வெளிநாட்டுச் சோதனைப் படத்தைத்தான் அடிப்போமாம். பொன்னிறக் கூந்தல் அம்மா ஒருத்தி, கையில் பழக்கூடை. “இந்தம்மா எல்லா மெஷின்லயும் சூப்பரா வராங்க. நம்ம ஊர்ல இவங்கள யாரு பேனர் அடிக்கப் போறா?” என்று மேடம் அதைத் தூக்கிவிட்டார். எம்.டி. சார் ஒரு மாடல் பெண்ணை ஏற்பாடு செய்கிறேன் என்றார். கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் டீலர்களுக்குப் பிடிக்கும் என்று இழுத்தார். கடைக்குப் போய், முகத்தைக் கொஞ்சம் கலர் ஏற்றுங்கள் என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா என்பது அவர் வாதம்.

“ஏத்தறது மனுஷங்க இஷ்டம் சார். மெஷின் தானா ஏத்தக் கூடாது,” என்றார் மேடம். மறுநாள் ஒரு சாம்பல் துணிக்கு முன்னால் தாமே போய் நின்றார். பவுடர் இல்லை, பொட்டு வைக்கும் வழக்கமும் இல்லை, சிரிப்பு இல்லை.

ஏன் உங்கள் முகம் என்று நான் கேட்டிருக்கிறேன்.

“ஒப்பிட்டுப் பாக்க ஆள் பக்கத்துல நிக்கணும்மா. மாடல் பொண்ணு தினம் வருவாளா? நான் தினம் வருவேன்.”

லேபின் மூலையில் உட்புறம் சாம்பல் பூசிய ஒரு பெரிய ஒளிப்பெட்டி இருந்தது. பகல் வெளிச்சம் மாதிரியே எரியும் விளக்கு. வாரா வாரம் திங்கட்கிழமை புது டெஸ்ட் பிரிண்டை அதற்குள் மாட்டி, பக்கத்தில் தம் தலையை நுழைத்து, ஒரு கண்ணாடியில் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்ப்பார். முதல் முறை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பெட்டிக்குள் ஒரே ஆள் இரண்டாக நின்று ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொண்டிருப்பது போல.

கடைக்காரர்களுக்கு அந்த முகம் யாருடையது என்று தெரியாது. அவர்களுக்கு அது ‘அக்கா’. மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு மை அடைத்துக்கொண்டால் முகம் மஞ்சளும் பச்சையுமாக வரும்; அக்காவுக்குக் காமாலை. நீல மை அடைத்தால் சிவந்து போகும், அக்காவுக்கு ஜுரம். இப்படித்தான் போன் வரும். எடுப்பது பெரும்பாலும் மேடம்தான்.

“மேடம், காலைலேருந்து அக்காவுக்கு காமாலை. பேஜாராக் கீது.”

“கண்ணும் மஞ்சளா?”

“கண்ணும்தான்.”

“ஹெட்டைக் கழுவி விடுங்க. தேறிடுவா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். தம் முகத்தைப் பற்றித் தம்மிடமே நோய் சொல்கிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு குஷி.

பிறகு ஒரு ஆனி மாதத்தில், ஒளிப்பெட்டிக்குள் தலையை விட்டபடியே, “மெஜந்தா தூக்குது,” என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஆமாம். பிரிண்டில் கன்னம் சிவப்பேறி இருந்தது. பக்கத்தில் அவர் கன்னம் அப்படி இல்லை. எம்.டி. சார் வந்து பார்த்தார். அவரும் ஆமாம் என்றார். நாள் போகப் போக மெஷினின் நிறம் தானாக நகர்ந்துவிடுவதை ட்ரிஃப்ட் என்போம். மெஷின் ட்ரிஃப்ட் ஆகிவிட்டது என்று முடிவு செய்து வேட்டையைத் தொடங்கினோம். ஹெட்டின் வெப்பம், அதற்குப் போகும் மின்னழுத்தம், குழாயில் காற்று. எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. பிழையைத் துரத்துவதைவிடப் பெரிய விளையாட்டு எனக்குத் தெரியாது. மேடம் மை சப்ளையரைப் பிடித்துக் காய்ச்சினார்.

“அதே மைதான் மேடம், எம்பொண்ணு மேல சத்தியமா,” என்றான் அவன்.

“உங்க பொண்ண விடுங்க. என் கன்னத்தப் பாருங்க,” என்றார் மேடம்.

மீட்டர் எந்த மாற்றமும் இல்லை என்றது. அதை நான் சொன்னபோது, மீட்டரின் விளக்கு பழசு, அதை எப்படி நம்புவது என்றார். அதுவும் நியாயம்தான். மீட்டரைச் சர்வீஸுக்கு அனுப்பினோம். அதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. மெஷின்களுக்காகக் கடைகள் நச்சரித்தன. ஒரு திங்கட்கிழமை மேடம் ப்ரொஃபைலில் மெஜந்தாவைக் குறைத்து அடித்தார், பார்த்தார், இன்னும் குறைத்தார். நாலைந்து பிரிண்டுக்குப் பிறகு பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ம். வந்துட்டேன்.” எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அச்சு அசல். கைதட்டக்கூடச் செய்தோம். அந்த ப்ரொஃபைலோடு மெஷின்கள் லாரி ஏறின.

அந்த மாதத்தில் அவர் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். பழையது இறுக்குகிறதாம். படி ஏறினால் நடுவில் நின்று, அங்கே இல்லாத எதையோ பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வார். தினமும் பார்க்கிற முகம் யாருக்கும் தெரிவதில்லை.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் பம்மலிலேயே உள்ள ஒரு பேனர் கடைக்காரர் போன் செய்தார். எங்கள் பழைய மெஷின் ஒன்று வைத்திருந்தவர், புதிதாக இன்னொன்றும் வாங்கியிருந்தார்.

“மேடம், புது மெஷின்ல அக்காவுக்கு இன்னா ஆச்சு? கழுவிக் கழுவிப் பாத்துட்டேன். சோகை புடிச்ச மாறியே கீறாங்க. நேத்து ஒரு கல்யாண பேனரு. பொண்ணு மூஞ்சி வெளிறிப் போய் வந்துகீது. பொண்ணோட மாமன்காரன் என்னை அடிக்கவே வந்துட்டான்.”

“ஹெட் சரியா இருக்கா?”

“ஹெட்டு குண்டு மாறி கீது.”

பக்கத்துத் தெருதான். “வா, போய்ப் பாத்துடுவோம்,” என்றார். சர்வீஸிலிருந்து மீட்டர் முதல் நாள்தான் வந்திருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் ஃப்ளெக்ஸ் சுருளோடு திரும்பினவர், மேடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அக்கா!” என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். “மேடம்… நீங்கதான் அந்த அக்காவா? இத்தினி நாளு உங்களாண்டயே உங்களுக்குக் காமாலைன்னு சொல்லிக்கினு இருந்தேனா?”

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ரெண்டுலயும் ஒரு டெஸ்ட் எடுங்க அண்ணா,” என்றார். பழைய மெஷினிலிருந்து ஒன்று, புது மெஷினிலிருந்து ஒன்று. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். வாசல் வெளிச்சம் நேராக விழுந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். புதுசுதான் அப்டியே உங்கள மாறி கீது. பழசு யாரோ உங்க தங்கச்சி மாறி கீது.”

“கேட்டுக்கோ!” என்று மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “மூணாம் மனுஷர் சொல்றார். மீட்டர் மீட்டர்னு குதிச்சியே?”

நான் அதற்குள் மீட்டரை வைத்துக் கட்டங்களை அளக்கத் தொடங்கியிருந்தேன். பழைய பிரிண்ட், ப்ரொஃபைல் செய்த அன்று குறித்து வைத்த எண்களோடு ஒட்டிக்கொண்டு நின்றது. துளி நகரவில்லை. புதுசு விலகியிருந்தது. மறுபடி அளந்தேன். அதேதான்.

“எது சரி?” என்றார்.

“பழசு மேடம்.”

“மீட்டர் லேம்ப்?”

“புதுசு மேடம். நேத்துதான் மாத்தி வந்துச்சு.”

மேடம் மேஜைமேல் குனிந்தார். பழைய பிரிண்டைப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. கடைக்காரரின் மனைவி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் ஓரத்தில் வரிசையாக இருந்தன. அதைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனார். பழைய பிரிண்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஷேர் ஆட்டோவில் அந்தப் பூக்கார அம்மாவைப் பார்த்த அதே பார்வை. கண்ணைப் பார்க்கவில்லை. கன்னம், தாடை, மூக்கின் ஓரம். பிறகு கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

தெருவில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து, திரும்பி, போயிற்று.

“மெஷின் ட்ரிஃப்ட் ஆகலம்மா,” என்றார். “நான்தான் ஆயிருக்கேன்.”

அந்தச் செருப்பு, அந்தப் படிக்கட்டு எல்லாம் எனக்கு அந்த நொடியில்தான் ஒன்றாகச் சேர்ந்தன. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. “மேடம், உக்காருங்க. டீ சொல்லட்டா?” என்றார்.

“மேடம், வாங்க, டாக்டர்கிட்ட போலாம்,” என்றேன் நான்.

“போலாம். முதல்ல எம்.டி.க்குப் போன் போடு. இந்த ப்ரொஃபைலோட எத்தனை மெஷின் போச்சுன்னு கேளு.” கண்ணாடியைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். “இந்த ஆவணில எத்தனை பொண்ணு மாப்பிள்ள… எல்லாருக்கும் என் நோயை அடிச்சு அனுப்பியிருக்கேன்.”

சிறுநீரகம் என்றார்கள். ரத்தம் குறைந்து, உப்பு ஏறி, நிறம் மாறி, எல்லாம் மெதுவாக, ரொம்ப நாளாக நடந்திருக்கிறது என்றார்கள். எம்.டி. சார் ஆஸ்பத்திரிக்கு வந்து, “உடம்பு சரியில்லன்னா லீவு போடணும். மெஷினையா மாத்துவாங்க?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிகிச்சைக்கு நடுவிலும் மேடம் லேபுக்கு வந்தார். ஒளிப்பெட்டிக்குள் மட்டும் தலையை விடுவதில்லை. அதன் விளக்கை யாரும் போடுவதும் இல்லை. அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது நான் போனைத் தூக்கினேன். “எடுக்காத,” என்றார். “இது டெம்ப்ரரி செட்டிங்.”

அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது, அல்லது எங்களிடம் காட்டியது அது ஒன்றுதான். போன மெஷின்களைத் திருத்த வேண்டும். லேபில் இருந்த அந்த ப்ரொஃபைலை அன்றே அழிக்கவைத்துவிட்டார். பேனர் கடைக் கம்ப்யூட்டர்களில் வைரஸுக்குப் பயந்து இணையமே வைத்திருக்க மாட்டார்கள். நான் பென் டிரைவோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய ப்ரொஃபைலை ஏற்றி, டெஸ்ட் எடுத்து, கன்னத்தில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். வந்ததும் அவர் கேட்பார்.

“குரோம்பேட்டை தேறிட்டாளா?”

“தேறிட்டா மேடம்.”

“மேடவாக்கம்?”

“அவளும்தான்.”

அங்கே ஒருத்தி தேறத் தேற, இங்கே அவர் கை மெலிந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். படித்தவள்தானே. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கும்போது, இந்த மெஷின் கடைசியாக இருக்கக் கூடாது என்று தோன்றும்.

பொழிச்சலூரில் மட்டும் ஒரு கடை காலியாகியிருந்தது. ஷட்டரில் ‘வாடகைக்கு’ என்று எழுதியிருந்தது. மெஷினை யாருக்கோ விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று பக்கத்துக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொன்னபோது மேடம் படுக்கையில் சாய்ந்திருந்தார்.

“அப்போ ஒருத்தி மட்டும் இன்னும் அப்படியே எங்கயோ சுத்திக்கிட்டிருக்கா,” என்றார். “தேடு,” என்றார். பிறகு பார்க்கப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். கடைசியில் வாயால் கேட்க முடியாதபோது புருவத்தைத் தூக்கிக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

சேலையூரில் அவர் வீட்டு வாசலில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ பேனர் வைத்தோம். எங்கள் லேப் மெஷினில் அடித்தது. சாவு வீடுகளில் நல்ல படம் ஒன்று கிடைக்காமல் அலைவார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. படம் மெஷினுக்குள்ளேயே இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பேனரைப் பார்த்தேன். பெட்டிக்குள் பார்த்தேன். மறுபடி பேனரைப் பார்க்கவில்லை.

பம்மல் கடைக்காரர் மாலையோடு வந்திருந்தார். “டெஸ்ட் பட்டனை அமுக்கக் கையே வரல,” என்றார் என்னிடம். ஆனால் அமுக்கித்தானே ஆக வேண்டும். எல்லாக் கடைகளிலும் அமுக்கினார்கள். எல்லாக் காலைகளிலும் அவர் வந்தார்.

இந்தப் பங்குனியில் கோவளத்திலிருந்து ஒரு போன் வந்தது. மெஷினில் ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது, புதியது வேண்டும் என்று ஒரு பெண் குரல். மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பொழிச்சலூருக்குப் போன மெஷின்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மீன் விற்கும் இடத்தைத் தாண்டி ஒரு சின்னக் கடை. படகுகளுக்குப் பெயர் ஸ்டிக்கர், கோயில் திருவிழா பேனர், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான். கடைக்கார அக்கா சுறுசுறுப்பானவர். இடுப்பில் செருகிய முந்தானையோடு மெஷினைத் தட்டிக் காட்டினார்.

“செகண்டாண்டுல வாங்கினதும்மா. ஓட்டம்லாம் நல்லாத்தான் கீது. மூஞ்சிதான் டல்லு. முந்தாநேத்து ஞானஸ்நானத்துக்கு ஒரு பேனரு. கொயந்த மூஞ்சி வெளிறிப் போய் வந்துச்சு. அவுங்கம்மா வாங்கவே மாட்டேன்னு ஒரே சண்ட. இரு, டெஸ்ட்டு போட்டுக் காட்டறேன்.”

பட்டனை அமுக்கினார். வண்டி ஓடத் தொடங்கியது. நெற்றி வந்தது. பிறகு புருவம். கண். வரி வரியாக மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல். பம்மல் கடை வாசலில், ஸ்டிக்கர் பொட்டுக் கண்ணாடியில் பார்த்த அதே முகம். எங்கள் யாரிடமும் இல்லாத முகம். படம் எடுக்காதே என்று அவர் சொன்ன முகம். அவ்வளவு நாளும் இங்கே, மீன் வாசனைக்கு நடுவில், காலையில் எழுந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.

“இந்த அக்கா எப்பவும் இப்டித்தாம்மா,” என்றார் கடைக்கார அக்கா. “நானும் கழுவிக் கழுவிப் பாத்துட்டேன். தேறவே மாட்டேன்றாங்க.”

பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏற்றிவிட்டால் இந்த முகம் இனி எங்கேயும் இல்லை. ரப்பரை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சுவரோரம் அந்த ஞானஸ்நான பேனர் சுருட்டிக் கிடந்தது. ஓரம் விரிந்து, வெளிறிய ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது.

ஏற்றினேன். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு நிரம்பி முடிந்தது. ரப்பரை மாற்றினேன். “இப்ப போடுங்க அக்கா,” என்றேன்.

நெற்றி. புருவம். கண். கன்னம் வரும்போது கிட்டே குனிந்தேன். வந்தது. பிரிண்டைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் ஆள் நிற்க வேண்டிய பக்கம் திரும்பினேன். அங்கே கடைக்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மெஷினைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பாடா! இப்பதாம்மா அக்காவுக்கு உடம்பு தேறிச்சு.”

“ஆமாக்கா,” என்றேன். “தேறிட்டாங்க.”

கிழித்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எடுத்துக்கோ, எனக்கெதுக்கு?” என்றார். மை காயாமல் சுருட்டக் கூடாது என்பது லேபில் அவர் போட்ட சட்டம். இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கடல் காற்றில் அது காயும் வரைக்கும் கடை வாசலில் நின்றேன்.